கட்டுரை தேடலில் வரவில்லையா, வந்தும் படிக்கப்படவில்லையா: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் சொந்த இணையதளம் வைத்துக் கட்டுரை எழுதும் சுற்றுலா வழிகாட்டிகள், சித்த மருத்துவர்கள், பயிற்சி மையம் நடத்துபவர்கள், கோயில் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆகியோர் என்னிடம் கொண்டுவரும் குறை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "எழுதிப் போட்டேன், யாரும் வரவில்லை." அந்த ஒரு வரிக்குள் ஐந்து வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கலாம். ஒன்றைச் சரிசெய்யும் வழி மற்றொன்றுக்குப் பயன்படாது. சில நேரங்களில் நிலைமையை மோசமாக்கவும் செய்யும். அதனால் கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் கட்டுரைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகச் செல்லலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாமல் உடனே பார்க்கக்கூடியது முதலிலும், பணமும் ஆளும் தேவைப்படுவது இறுதியிலும் வரும்.

எல்லாச் சோதனைகளுக்கும் கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளம் பதிவாகியிருக்க வேண்டும். தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி இது. பதிவு செய்யவில்லை என்றால் இன்றே செய்துவிட்டுச் சில வாரங்கள் தகவல் சேரக் காத்திருங்கள். சொந்தக் கைப்பேசியில் தேடிப் பார்ப்பதைச் சோதனையாகக் கொள்ள முடியாது. தேடுபவர் இருக்கும் இடத்தைப் பொறுத்து முடிவுகள் மாறுவதால், லாஸ்பேட்டையில் இருந்து தேடுபவருக்குத் தெரியும் வரிசையும் கோயம்புத்தூரில் இருந்து தேடுபவருக்குத் தெரியும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

## அறிகுறி 1: முழுத் தலைப்பையும் அப்படியே தட்டினாலும் கட்டுரை வரவில்லை

சர்ச் கன்சோலின் மேற்பகுதியில் உள்ள ஆய்வுப் பெட்டியில் கட்டுரையின் முழு முகவரியையும் ஒட்டுங்கள். பக்கம் கூகுளில் இருக்கிறது என்று பதில் வந்தால் உங்கள் பழுது இங்கே இல்லை. இரண்டாம் அறிகுறிக்குச் சென்றுவிடுங்கள். இல்லை என்று வந்தால், அதற்குக் கூறப்படும் காரணத்தைப் பொறுத்துப் பாதை பிரியும்.

### நோஇண்டெக்ஸ் குறியால் விலக்கப்பட்டது என்று வந்தால்

தளத்தை உருவாக்கியவர், வேலை முடியும்வரை கூகுள் பார்க்க வேண்டாம் என்று அடைத்து வைத்த கதவைத் திறக்க மறந்திருக்கிறார். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் செட்டிங்ஸ் பகுதியில் ரீடிங் என்ற பக்கத்தைத் திறந்து, தேடுபொறிகளை இத்தளத்திலிருந்து விலக்கிவைக்கும் கட்டத்தில் டிக் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். பிளாகராக இருந்தால் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதியில், தேடுபொறிகளுக்குத் தெரியட்டும் என்ற பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே ஆய்வுப் பெட்டியில் இண்டெக்ஸ் செய்ய, அதாவது கூகுளின் பட்டியலில் சேர்க்க, கோரிக்கை அனுப்பலாம். ஒரு முறை அனுப்பினால் போதும். அதே முகவரிக்கு மீண்டும் மீண்டும் அனுப்புவதால் வரிசையில் முன்னே போக முடியாது.

### டிஸ்கவர்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு என்று வந்தால்

முகவரி இருப்பது கூகுளுக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் அது இன்னும் வந்து படிக்கவில்லை. புதிய தளங்களில் இது இயல்பு. உங்கள் தளத்தின் மற்ற கட்டுரைகளிலிருந்து இந்தக் கட்டுரைக்கு இணைப்பு இருக்கிறதா, தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப் கன்சோலில் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டையும் மட்டும் பாருங்கள். முகப்பிலிருந்து எந்த வழியிலும் சென்றடைய முடியாத கட்டுரைகளே இந்தப் பட்டியலில் நெடுநாள் கிடப்பதைக் காண்கிறேன்.

### க்ரால்டு, கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு என்று வந்தால்

இது சற்றுக் கவலைக்குரியது. கூகுள் வந்து படித்துவிட்டு, சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று முடிவு செய்திருக்கிறது. அரசுச் செய்திக் குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டிருப்பதும், நாளிதழ்களில் வந்ததையே வேறு சொற்களில் திருப்பி எழுதியிருப்பதும், ஆங்கிலக் கட்டுரைகளை எந்திர மொழிபெயர்ப்பில் கொத்துக் கொத்தாக ஏற்றியிருப்பதும் இதற்கு வழக்கமான காரணங்கள். தேடல் தரவரிசைக்காகப் பெருமளவில் பயனற்ற பக்கங்களை உற்பத்தி செய்வதை, மனிதர் எழுதினாலும் எந்திரம் எழுதினாலும், முறைகேடாகக் கருதும் கொள்கையைக் கூகுள் 2024 மார்ச்சில் வெளியிட்டது. உங்கள் கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை எடுத்து மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். அதே பத்தி பல தளங்களில் கிடைத்தால் காரணம் தெரிந்துவிட்டது. செய்திக் குறிப்பில் இல்லாத ஒன்றை, நீங்கள் நேரில் பார்த்ததையோ விசாரித்ததையோ சேர்த்து எழுதுவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

### இவை எதுவும் இல்லை, ஆனால் எழுத்து சரியாகத் தெரிகிறது

"சரியாகத் தெரிகிறது" என்பதையே சந்தேகியுங்கள். டிடிபி கடையில் தட்டச்சு செய்து வாங்கிய கட்டுரைகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கலாம். அவற்றில் திரையில் தமிழாகத் தெரிவது கணினியின் கணக்கில் ஆங்கில எழுத்தும் குறிகளுமே ஆகும். ஒரு வரியைப் படியெடுத்துக் கைப்பேசியில் வாட்ஸ்அப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் வந்தால், எல்லாக் கருவிகளும் படிக்கும் பொது எழுத்துமுறையான யூனிகோடில் கட்டுரை இல்லை என்று பொருள். மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாற்றிய பிறகும் ஒரு வேலை மீதமிருக்கிறது. பழைய தட்டச்சில் கால் குறியும் ரகரமும் ஒன்றுபோல் தெரிந்ததால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அடித்திருப்பார்கள்; ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துப் போட்டிருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கட்டுரைப் பக்கத்தைத் திறந்து, உலாவியின் தேடும் பெட்டியில் முக்கியமான சொற்களை நீங்களே புதிதாகத் தட்டித் தேடுங்கள். கண்ணெதிரே இருக்கும் சொல் கிடைக்கவில்லை என்று உலாவி சொன்னால், அந்தச் சொல்லுக்குள் தவறான எழுத்து இருக்கிறது. "ஔவையார்", "வரலாறு", "கௌரவம்" போன்றவற்றில் இது அதிகம்.

துண்டறிக்கையைப் படமாகப் பிடித்துக் கட்டுரையாக ஏற்றியிருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. அதைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

### எப்போது நிபுணரை அழைப்பது

தேடுபொறி எங்கே வரலாம் எனச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு தடுக்கிறது, ஒரே மாதிரியான பக்கங்களில் அசல் எது எனக் காட்டும் கேனானிக்கல் முகவரி வேறு பக்கத்தைக் காட்டுகிறது, சர்வர் 5 என்ற எண்ணில் தொடங்கும் பிழைக் குறியைத் தருகிறது ஆகிய மூன்றில் ஒன்றைக் கன்சோல் சொன்னால், தளத்தை அமைத்துக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். திரையில் வந்த செய்தியைப் படமெடுத்து அனுப்பினால் பழகியவருக்குச் சிறிய வேலைதான். தளம் முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்று அவர் சொன்னால் இன்னொருவரிடமும் கேட்டுவிடுங்கள்.

## அறிகுறி 2: தலைப்பைத் தேடினால் வருகிறது, பொருளைத் தேடினால் வரவில்லை

நான் காணும் பழுதுகளில் பெரும்பகுதி இந்தத் தலைப்பின்கீழ்தான் அடங்குகிறது. கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் அந்தக் கட்டுரையின் முகவரியை மட்டும் வடிகட்டி, எந்தெந்தத் தேடல்களுக்கு அது காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பட்டியலை, வாசகர் என்ன தட்டுவார் என்று நீங்கள் எண்ணியிருந்தீர்களோ அதனுடன் ஒப்பிடுங்கள். மிகக் குறைவானோர் தட்டிய தேடல்களைத் தனியுரிமை கருதிக் கன்சோல் மறைத்துவிடும் என்பதால் பட்டியல் முழுமையாக இராது, இருந்தாலும் போதும்.

### தேடுபவரின் சொல் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை

முதலில் பார்க்க வேண்டியது இதுவே. பாண்டிச்சேரியின் பெயர் 2006இல் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி என்று மாற்றப்பட்டது. இன்றும் வெளியூர்க்காரர்கள் பாண்டிச்சேரி என்றே தட்டுகிறார்கள், இளைஞர்கள் பாண்டி என்கிறார்கள், இலக்கியம் எழுதுபவர்கள் புதுவை என்று மட்டுமே எழுதுகிறார்கள். கட்டுரை முழுவதும் "புதுவை" என்று எழுதிவிட்டு, "பாண்டிச்சேரியில் பார்க்க வேண்டிய இடங்கள்" என்ற தேடலுக்கு வரவில்லையே என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். கூகுளுக்கு இவை ஒரே ஊர் என்று ஓரளவு தெரியும்; ஆனால் அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்திருக்கும் நூறு கட்டுரைகள் எதிரே நிற்கும்போது, அது உங்களுடையதை முன்னே எடுத்து வைக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

கடலூரில் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையைத் தேடும் வெளியூர்க்காரர் "சில்வர் பீச்" என்றுதான் தட்டுவார். கடலூர் ரயில் நிலையம் என்று தேடுபவருக்கு, நகரின் பேருந்து நிலையத்தை ஒட்டி இருப்பது திருப்பாதிரிப்புலியூர் நிலையம் என்பதும், பழைய நகரத்தில் இருப்பது கடலூர் துறைமுகம் சந்திப்பு என்பதும் தெரியாது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அவர் தேடுகிறார். உள்ளூர்க்காரர் எழுதும் கட்டுரையில் "திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி" என்று மட்டும் இருக்கும். "கடலூர்" என்ற சொல்லே அந்த வரியின் அருகில் இராது.

தீர்வு எளிது. வெளியார் தட்டும் பெயரைத் தலைப்பில் வையுங்கள். உள்ளூர்ப் பெயரை முதல் பத்தியில், இரண்டும் ஒன்றுதான் என்று விளங்கும்படி ஒரு முழு வாக்கியத்தில் எழுதுங்கள். "கடலூர் சில்வர் பீச் என்று பரவலாக அழைக்கப்படும் தேவனாம்பட்டினம் கடற்கரை, புனித தாவீது கோட்டைக்கு அருகில் அமைந்துள்ளது" என்பது போன்ற ஒரு வரி போதும். அதை விட்டுவிட்டு "புதுச்சேரி, பாண்டிச்சேரி, பாண்டி, புதுவை" என்று கட்டுரையின் அடியில் வரிசையாகக் கொட்டி வைப்பது சொல் திணிப்பு. கூகுளின் விதிகளில் அது முறைகேட்டுப் பட்டியலில் உள்ளது. பக்கத்தின் குறிமுறைக்குள் மறைவாக இருக்கும் கீவேர்டு மெட்டா குறியில் நூறு சொற்களை நிரப்பித் தருவதாகக் கூறிக் கட்டணம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுபவர்களுக்காகக் கட்டுரையை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுத வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். கூகுள் பெரும்பாலும் அதைத் தமிழ்ப் பக்கங்களோடு பொருத்திக் கொள்கிறது; எழுத்துப் பெயர்ப்பில் எழுதிய கட்டுரையை ஒரு பத்திக்கு மேல் எந்த வாசகரும் படிக்க மாட்டார்.

### வேறு ஊர்க்காரர்களுக்குக் காட்டப்படுகிறது

கன்சோலில் வரும் தேடல்களில் தேயிலை, முதுமலை, தேக்கடி போன்றவை தெரிந்தால், கடலூர்க் கட்டுரை கூடலூரைத் தேடுபவர்களிடம் போய்க்கொண்டிருக்கிறது. நீலகிரியிலும் தேனியிலும் கூடலூர் உண்டு. ஆங்கில எழுத்தில் தட்டும்போது மூன்றும் கலந்துவிடுகின்றன. முதல் பத்தியிலேயே மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், கெடிலம் ஆறு என்று அண்டை இடங்களில் ஒன்றிரண்டை இயல்பாகக் குறிப்பிட்டு, மாவட்டத்தின் பெயரையும் எழுதிவிட்டால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

### உங்கள் கட்டுரைகளே ஒன்றோடொன்று மோதுகின்றன

ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு ஒரு புதுக் கட்டுரை எழுதுபவர்களுக்கு இது நேர்கிறது. கன்சோலில் ஒரு தேடலை வடிகட்டிப் பக்கங்கள் என்ற பிரிவைப் பாருங்கள். உங்கள் தளத்தின் மூன்று நான்கு பக்கங்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தால், நிலையான ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு அதிலேயே ஒவ்வோர் ஆண்டும் தேதியையும் ஏற்பாடுகளையும் புதுப்பியுங்கள்; பழையவற்றில் இருக்கும் நல்ல பகுதிகளை அதில் சேர்த்துவிட்டு, பழைய முகவரிகளை 301 திசைமாற்றம் மூலம் புதியதற்கு அனுப்பிவிடுங்கள்.

### முகவரியில் தமிழ் இருப்பதுதான் காரணமா

இல்லை. தமிழ் முகவரியால் தரவரிசை குறைவதில்லை. ஆனால் அது வேறு தொல்லைகளைத் தரும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். முகவரியில் அது ஒன்பது எழுத்துக்களாக விரியும். உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், "தேவனாம்பட்டினம்" என்ற ஒரே சொல் 135 எழுத்துக்களை எடுத்துக்கொள்கிறது. வேர்ட்பிரஸ் முகவரியின் தலைப்புப் பகுதிக்கு 200 எழுத்துக்கள்தான் இடம் தருகிறது. "தேவனாம்பட்டினம்-கடற்கரை" என்பது 199 ஆகிவிடும்; மூன்றாவது சொல் வெட்டுப்படும். பிறகு அதே இரண்டு சொற்களில் தொடங்கும் அடுத்த கட்டுரைக்கு முகவரியின் இறுதியில் 2 என்ற எண் மட்டுமே வேறுபாடாக நிற்கும். பிளாகரில் தமிழ்த் தலைப்பு முழுவதும் கைவிடப்பட்டு, எல்லாக் கட்டுரைகளுக்கும் "பிளாக் போஸ்ட்" என்ற ஒரே மாதிரியான பெயரே வந்து சேரும். இரண்டிலும் வெளியிடுவதற்கு முன்பே ஆங்கில எழுத்தில் சுருக்கமான முகவரியைக் கையால் அமைத்துவிடுங்கள். வெளியிட்டு நல்ல வருகை பெற்றுவிட்ட கட்டுரையின் முகவரியை அழகுக்காக மாற்றாதீர்கள்.

### பொருளிலேயே போட்டி அதிகம்

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்த பிறகும் இருபதாம் இடத்திலேயே நின்றால், அந்தத் தேடலுக்கு முதல் பக்கத்தில் வரும் கட்டுரைகளைத் திறந்து படியுங்கள். அரசுச் சுற்றுலாத் துறையும் பெரிய பயண நிறுவனங்களும் நிறைந்திருந்தால், "புதுச்சேரி சுற்றுலா" என்ற அகன்ற பொருளில் தனியாள் நுழைவது கடினம். அதே உழைப்பில் குறுகிய கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்: பண்ருட்டிப் பலாவை நேரடியாகத் தோப்பில் வாங்கும் முறை, பிச்சாவரத்துக்குச் சிதம்பரத்திலிருந்து பேருந்தில் செல்லும் வழி, வில்லியனூர் தேர்த் திருவிழாவன்று போக்குவரத்து மாற்றம். இவற்றுக்கு விடை எழுத ஊரில் இருந்தால்தான் முடியும். பெரிய நிறுவனங்களின் எழுத்தாளர்கள் ஊரில் இல்லை.

வெளித்தளங்களிலிருந்து இணைப்பு வாங்கித் தருவதாகச் சொல்பவரை இந்தக் கட்டத்தில்தான் பலரும் சந்திக்கிறார்கள். தரவரிசைக்காக இணைப்புகளை விலைக்கு வாங்குவது கூகுளின் விதிகளுக்கு முரணானது. பின்னர் தண்டனை வந்தால் அதை நீக்க ஆகும் செலவு வாங்கிய செலவைவிட அதிகம். உண்மையான போட்டி ஆய்வு வேண்டுமென்றால் தேடல் சொல் ஆய்வு செய்பவரை ஒரு முறை மட்டும் அமர்த்திப் பட்டியல் வாங்கிக்கொள்வது நியாயமான செலவு.

## அறிகுறி 3: இம்ப்ரெஷன் ஏராளம், கிளிக் மிகக் குறைவு

இம்ப்ரெஷன் என்பது தேடல் முடிவில் கட்டுரை காட்டப்பட்ட எண்ணிக்கை, கிளிக் என்பது அதைத் தொட்டு உள்ளே வந்த எண்ணிக்கை. முதலில் கன்சோலில் சராசரி இடத்தைப் பாருங்கள். பத்துக்கு மேல் இருந்தால் கிளிக் குறைவாக இருப்பது இயல்பு. இது இரண்டாம் அறிகுறியே. ஐந்துக்குள் இருந்தும் கிளிக் வரவில்லை என்றால் மட்டும் தொடருங்கள்.

தலைப்பு வெட்டுப்படுகிறதா என்று கைப்பேசியில் தேடிப் பாருங்கள். தலைப்புக்கு ஒதுக்கப்படும் இடம் அகலத்தைப் பொறுத்தது. தமிழ் எழுத்துக்கள் அகலமானவை. "வரலாற்றுச் சிறப்புமிக்க எழில்கொஞ்சும்" என்று தொடங்கும் தலைப்பில் ஊர்ப் பெயர் வருவதற்குள் மூன்று புள்ளிகள் வந்துவிடும். ஊரையும் விடையையும் முன்னே கொண்டுவந்து, அடைமொழிகளை எடுத்துவிடுங்கள்.

தலைப்பின்கீழ் வரும் விளக்கம் தரவரிசையைப் பாதிக்காது. கூகுள் பல நேரங்களில் அதை மாற்றியும் காட்டும். இருந்தாலும் கட்டுரையில் என்ன கிடைக்கும் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதி வைப்பது நல்லது.

தேடியவருக்கு விடையைக் கூகுளே பக்கத்தின் மேலே காட்டிவிடுகிறதா என்றும் பாருங்கள். விடுமுறை நாள், தூரம், திறக்கும் நேரம் போன்றவற்றில் அது நடக்கும். அதற்கு மருந்து கிடையாது. ஒற்றை வரியில் விடை முடிந்துவிடாத கேள்வியை அடுத்த கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அறிகுறிக்கு நிபுணர் தேவையே இல்லை.

## அறிகுறி 4: வருகிறார்கள், படிக்காமல் திரும்பிவிடுகிறார்கள்

தளத்துக்கு வருபவர்களை அளக்கும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 4இல் ஒரு வருகை பத்து விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்கள் பார்க்கப்பட்டாலோ, நீங்கள் குறித்து வைத்த முக்கியச் செயல் ஒன்று நடந்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. 2023 ஜூலையில் தகவல் சேர்ப்பதை நிறுத்திய பழைய அனலிட்டிக்ஸின் பவுன்ஸ் விகிதம், அதாவது ஒரே பக்கத்தோடு திரும்பிய வருகைகளின் விகிதம், வேறு கணக்கு. அதனுடன் ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். பேருந்து நேரம் பார்க்க வந்தவர் நேரத்தைப் பார்த்துவிட்டு உடனே போனால் அது கட்டுரையின் வெற்றி. நீண்ட கட்டுரைகளில் மட்டும் இந்த அறிகுறியைப் பழுதாகக் கொள்ளுங்கள்.

### முதல் பத்தியில் விடை இல்லை

தொண்ணூறு விழுக்காடு என்றெல்லாம் எண் சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் வரும் கட்டுரைகளில் பழுது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுவது வழக்கம். பாடலீஸ்வரர் கோயில் நடை எப்போது திறக்கும் என்று தேடி வந்தவருக்கு, தலபுராணம் ஆறு பத்திகள் ஓடிய பிறகு அடியில் நேரம் கிடைக்கிறது. தாவரவியல் பூங்காவைப் பற்றிய கட்டுரை "இயற்கை மனிதனுக்கு அளித்த கொடை" என்று தொடங்குகிறது. அது 1826இல் அமைக்கப்பட்டது என்ற தகவலே மூன்றாவது திரையில்தான் வருகிறது. கட்டுரையை யாரிடமாவது கொடுத்து, கைப்பேசியின் முதல் திரையை மட்டும் படிக்கச் சொல்லி, இது எதைப் பற்றியது, யாருக்கு உதவும் என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் முதல் இரண்டு பத்திகளை நீக்கிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கட்டுரை மூன்றாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும். தலபுராணத்தை எறிய வேண்டியதில்லை, அதற்கென ஒரு துணைத்தலைப்பு கொடுத்துக் கீழே வைத்தால் அதற்காகவே வருபவர் படிப்பார்.

### எந்த ஊர் விதி என்பது தெளிவாக இல்லை

இது நம் பகுதிக்கே உரிய பழுது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஊர்களும் தமிழ்நாட்டின் ஊர்களும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது, கடலூர் தமிழ்நாடு. குடும்ப அட்டை, வாகனப் பதிவு, கல்வி இடஒதுக்கீடு, பத்திரப்பதிவு பற்றிய கட்டுரைகளில் எந்த அரசின் நடைமுறை என்று முதல் வரியிலேயே சொல்லாவிட்டால், கடலூர் வாசகர் புதுச்சேரி விண்ணப்பத்தைப் பாதிவரை நிரப்பிவிட்டுக் கோபத்துடன் வெளியேறுவார்; அந்தத் தளத்துக்கு மறுபடி வர மாட்டார். இரு அரசுகளின் நடைமுறைகளையும் ஒரே கட்டுரையில் கலக்காமல் இரண்டு கட்டுரைகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்பு கொடுங்கள்.

### கட்டுரையில் காலம் தெரியவில்லை

"நேற்று", "நாளை", "இந்த ஆண்டு", "அண்மையில்" ஆகிய சொற்களைத் தேடி, அவற்றின் இடத்தில் தேதியை இடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலைப் பற்றியும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெங்கல் புயலைப் பற்றியும் எழுதிய கட்டுரைகள் இன்றும் தேடலில் வருகின்றன. புயல் எச்சரிக்கை நாளில் அவற்றைத் திறப்பவருக்கு "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்ற வரி ஆபத்தானது. வெளியான தேதியையும் திருத்திய தேதியையும் மேலே காட்டுங்கள். ஒன்றையும் திருத்தாமல் தேதியை மட்டும் புதிதாக்குவது வாசகரை ஏமாற்றுவது.

### பக்கம் திறக்கத் தாமதமாகிறது, திறந்தபின் குதிக்கிறது

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் முகவரியை இட்டுக் கைப்பேசிக்கான முடிவைப் பாருங்கள். பெரிய பகுதி தெரிய 2.5 விநாடிக்குள், தொட்டதற்கு எதிர்வினை 200 மில்லி விநாடிக்குள், பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள் இருந்தால் நல்லது. காரணம் பெரும்பாலும் கைப்பேசியில் எடுத்த படங்களைப் பல மெகாபைட் அளவிலேயே ஏற்றியிருப்பது. அளவைக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் மாற்றி ஏற்றுங்கள். அடுத்தது விளம்பரங்கள்: தமிழ்ப் பக்கங்களுக்கு 2018இல் ஆட்சென்ஸ் அனுமதி வந்தபின், இரண்டு பத்திக்கு ஒரு விளம்பரம் வைப்பது வழக்கமாகிவிட்டது. முதல் திரையில் இருக்கும் விளம்பரத்தை எடுத்துவிட்டு ஒரு மாதம் கவனியுங்கள். படமும் விளம்பரமும் சரியாக இருந்தும் எண்கள் மோசமாக இருந்தால் காரணம் தீம் (தளத்தின் தோற்ற வார்ப்பு) அல்லது ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சேவை). அங்கேதான் செலவு தொடங்குகிறது, ஆளும் தேவைப்படும்.

மொழிநடையும் ஒரு காரணமாகலாம். முழுத்திரையை அடைக்கும் பத்தியைக் கைப்பேசியில் யாரும் படிப்பதில்லை. இதற்கு நல்ல பிழைதிருத்துநர் ஒருவர் எந்தத் தேடல் நிபுணரையும்விடப் பயன்படுவார். ஊதியமும் குறைவு, வேலையும் கண்ணுக்குத் தெரியும்.

## அறிகுறி 5: நன்றாக வந்துகொண்டிருந்தது, திடீரென்று விழுந்துவிட்டது

### முதலில், உண்மையிலேயே விழுந்ததா

அனலிட்டிக்ஸில் விழுந்து கன்சோலில் விழாமல் இருந்தால், தீம் மாற்றியபோது அனலிட்டிக்ஸ் குறிமுறை காணாமல் போயிருக்கிறது. வருகை அப்படியேதான் இருக்கிறது.

### பருவம் முடிந்துவிட்டதா

கன்சோல் பதினாறு மாதத் தகவலை வைத்திருப்பதால், சென்ற மாதத்துடன் அல்லாமல் சென்ற ஆண்டின் இதே மாதத்துடன் ஒப்பிடுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதைப் பற்றிய கட்டுரை ஜூலையில் விழத்தான் செய்யும். பலாப்பழமும் மாசி மகமும் புயலும் அப்படியே. சென்ற ஆண்டும் இதே வளைவு இருந்தால் தொடாதீர்கள்.

### ஒரு கட்டுரையா, தளம் முழுவதுமா

ஒன்று மட்டும் விழுந்திருந்தால், அதைவிட நல்ல கட்டுரை ஒன்று வந்திருக்கிறது. அதைப் படித்து, அதில் இருப்பதும் உங்களிடம் இல்லாததும் எது என்று பாருங்கள். தளம் முழுவதும் விழுந்திருந்தால் விழுந்த தேதியைக் குறித்துக்கொண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள்: அன்று தளத்தில் ஏதாவது தீம், பிளக்இன் மாற்றம் நடந்ததா, டொமைன் அல்லது எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதி ஆனதா, கூகுளின் தேடல் நிலைப் பக்கத்தில் அந்த நாட்களில் கோர் அப்டேட், அதாவது தரவரிசை முறையில் பெரிய மாற்றம், அறிவிக்கப்பட்டிருக்கிறதா. கோர் அப்டேட்டால் விழுந்தது ஒரு வாரத்தில் திரும்பாது. அவசரத்தில் எல்லாக் கட்டுரைகளையும் அழித்துவிடாமல், தளத்தில் எவற்றை நீங்களே உங்கள் உறவினருக்குப் பரிந்துரைக்க மாட்டீர்களோ அவற்றை முதலில் திருத்தத் தொடங்குங்கள்.

### தண்டனையா, ஊடுருவலா

கன்சோலின் இடப்பக்கத்தில் மேனுவல் ஆக்‌ஷன்ஸ், செக்யூரிட்டி இஷ்யூஸ் என்ற இரண்டு பக்கங்களையும் திறந்து பாருங்கள்; முதலாவது கூகுள் கொடுத்த தண்டனையையும் இரண்டாவது ஊடுருவலையும் காட்டும். இரண்டும் காலியாக இருந்தாலும், கூகுளில் சைட் (site) என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் உங்கள் தள முகவரியையும் இடைவெளி விடாமல் தட்டித் தேடுங்கள். நீங்கள் எழுதாத ஜப்பானிய மொழிப் பக்கங்களோ, மருந்து விற்பனை, சூதாட்டப் பக்கங்களோ உங்கள் முகவரியில் வந்தால் தளத்துக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை நீங்களே அழித்துவிட்டால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். நுழைந்த வழி திறந்தே இருக்கும். கடவுச்சொற்களை மாற்றிவிட்டு, தளத்தின் பழைய பிரதி (பேக்கப்) ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அன்றே ஹோஸ்டிங் நிறுவனத்தையும் பாதுகாப்பு தெரிந்த ஒருவரையும் அழையுங்கள். இந்தக் கட்டுரையில் தயங்காமல் பணம் செலவிட வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

மேனுவல் ஆக்‌ஷன் வந்திருந்தால், காரணத்தைச் சரிசெய்துவிட்டு மறுபரிசீலனைக் கோரிக்கை அனுப்ப வேண்டும். விலைக்கு வாங்கிய இணைப்புகள் காரணமாக இருந்தால் அதற்கும் அனுபவமுள்ளவர் தேவை. அமர்த்துவதற்கு முன் அவர் முதலிடத்தை உறுதி செய்வதாகச் சொல்கிறாரா என்று கேளுங்கள். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. கன்சோலில் அவரை உரிமையாளராகச் சேர்க்காமல் பயனராக மட்டும் சேருங்கள். என்னென்ன மாற்றினார் என்பதைத் தேதியுடன் எழுத்தில் வாங்கிக்கொண்டு, வேலை முடிந்த அன்றே அந்த அனுமதியை நீக்கிவிடுங்கள்.